பொருக்கு

குட்டி யானை வண்டியிலிருந்து ப்ரீசர் பாக்ஸை இறக்கியவர்கள், நிழலும் வேண்டும், பக்கத்தில் பிளக் பாயின்டும் வேண்டும் என்றார்கள். அந்த வீட்டில் இரண்டும் சேர்ந்து கிடைக்கிற ஒரே இடம் குதிரை நின்ற தகர ஷெட்தான். அதனால் அப்பா செத்து இரண்டு மணி நேரம்கூட ஆகாத அந்தக் காலையில் வேல்விழி செய்த முதல் வேலை, கௌரியை அவிழ்த்துப் பின்பக்கம் கொண்டுபோனது.

"பாத்து, பாத்து வா" என்று அவள் சொல்லிக்கொண்டே போனதை, வந்திருந்த பெண்கள் தங்களுக்கென்று நினைத்து ஒதுங்கி நின்றார்கள். அவள் குதிரையிடம்தான் சொன்னாள். வாசலில் ஒயர் கிடந்தது, அடுக்காத பிளாஸ்டிக் நாற்காலிகள் கிடந்தன, யாரோ தண்ணீரை வேறு கொட்டியிருந்தார்கள். கௌரி விழுவதற்கு இதில் கால்வாசி போதும்.

கௌரி வெள்ளைக் குதிரை. ஒன்பது வருடமாகப் படப்பையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் எத்தனையோ மாப்பிள்ளைகளைச் சாரட்டில் வைத்து இழுத்திருக்கிறது. பேண்டு வாத்தியத்துக்கு நடுவில் நூறு பட்டாசு வெடித்தாலும் அசையாது. ஆனால் கல்யாணம் முடிந்து வீட்டுக்கு வந்து சும்மா நிற்கும்போது எப்படியாவது அடிபட்டுக்கொள்ளும். மழைத்தண்ணீர் கால்வாயில் விழுந்திருக்கிறது. ஷேர் ஆட்டோவின் கண்ணாடியில் மூக்கைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. குளம்பில் ஆணி ஏறியதெல்லாம் எத்தனை தடவை என்று யாருக்கும் நினைவில்லை. "இதுக்கு மட்டும் ஹெல்மெட் போட்டாத்தான் ஆவும்" என்று அவள் அப்பா கோபால் சொல்லிச் சிரிப்பார்.

தை மாதத்தில் சிரிக்க முடியாதபடி ஒன்று நடந்தது. ஃபேக்டரி வராமல் காலியாகக் கிடந்த ஒரு மனையின் கம்பி வேலிக்குள் கௌரி இடது முன்னங்காலை விட்டு, முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்துக்கொண்டது. அன்றைக்கு மத்தியானமே கோபாலுக்கு இரண்டாவது அட்டாக் வந்தது. பிழைப்பது கஷ்டம் என்று சொன்ன டாக்டர்களே ஆச்சரியப்படும்படி நான்காம் நாள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டார். ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து மீனம்மாள் மகளிடம் சொன்னாள்.

"கௌரி வாங்கிக்கினுச்சுடி. அவருக்கு வந்தத அது வாங்கிக்கினுச்சு."

வீட்டில் வளர்க்கிற ஜீவன் வீட்டுக்கு வருகிற கண்டத்தை வாங்கிக்கொள்ளும் என்பது எல்லோரும் சொல்கிற பேச்சுதான். தொட்டியில் மீன் செத்து மிதந்தால்கூடச் சொல்வார்கள். மீனம்மாள் அதை வெறும் பேச்சாக வைத்துக்கொள்ளவில்லை. கௌரி கால்வாயில் விழுந்த வாரம்தான் வேல்விழியின் கம்பெனி பஸ் கவிழ்ந்தது, அதில் கீறல்கூட இல்லாமல் இறங்கியவள் வேல்விழி ஒருத்தி. ஒரு தடவை ஆணி ஏறிய அன்றுதான் மோட்டார் போடப் போன கோபாலைக் கரண்ட் தூக்கி எறிந்தும் உயிரோடு விட்டது. "அது வாரத்துக்கு ஒரு தபா அடிபடுதும்மா. எத வேணா எதுகூட வேணா சேத்துக்கலாம்" என்று வேல்விழி சிரித்தாள். மீனம்மாள் சிரிக்கவில்லை.

காயம் ஐந்து வாரத்தில் ஆறிவிடும் என்றார் கால்நடை டாக்டர் ஷாரோன். ஆறவில்லை. பொருக்கு நன்றாகக் கட்டி வரும். வேல்விழி இரண்டு நாள் ஷிப்டுக்குப் போய்த் திரும்புவதற்குள் ஓரம் பெயர்ந்து ரத்தம் கசிந்துகொண்டிருக்கும். குதிரையே கடித்து உரிக்கிறது என்று சொல்லி டாக்டர் அது தலையைத் திருப்ப முடியாதபடி கழுத்தில் குச்சிக்கூடை மாட்டிவிட்டார். அப்படியும் பெயர்ந்தது. பங்குனி பிறந்தபோது டாக்டர் வேல்விழியைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இன்னொரு தடவ பிரிஞ்சா எலும்புல சீழ் வச்சிடும், வேல்விழி. அதுக்கப்புறம் நான் கடைசி ஊசியோடதான் வரணும்."

இருங்காட்டுக்கோட்டையில் வாடகை ரூமில் புருஷனோடு இருந்தவள், சம்பளமில்லாத லீவு போட்டுவிட்டு அப்பா வீட்டுக்கு, வடக்குப்பட்டுக்கே வந்துவிட்டாள். லைன் சூப்பர்வைசர் காரணம் கேட்டபோது குதிரைக்குக் கால் சரியில்லை என்றாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று எழுதிக்கொடுக்கச் சொன்னார். அதுவும் உண்மைதானே என்று எழுதிக் கொடுத்தாள். ஆனால் அப்பாவை அம்மா பார்த்துக்கொண்டாள். வேல்விழி பார்த்தது கௌரியைத்தான். காலையும் மாலையும் வெந்நீரில் உப்புப் போட்டுக் கழுவி, களிம்பு தடவி, கட்டு மாற்றினாள். ஷெட்டுக்கு எதிரிலேயே கட்டில் போட்டுப் படுத்தாள்.

இருபத்திரண்டாம் நாள் சாயங்காலம், அதாவது நேற்று, டாக்டர் ஷாரோன் வந்து கட்டைப் பிரித்து விரலால் தடவிப் பார்த்தார். மயிர் முளைக்காத இளஞ்சிவப்புத் தோல் ஒரு கோடாக மூடியிருந்தது. "முடிஞ்சுது. இனிமே கட்டு வேணாம், காத்து படட்டும்" என்றார். வேல்விழிக்குத் தன் கல்யாணத்தன்றுகூட அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை. உள்ளே ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னாள். கோபால் கண்ணை மூடிக்கொண்டே, "நல்லா ஊனி நிக்குதா?" என்று கேட்டார். பக்கத்தில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்த மீனம்மாளின் கரண்டி அப்படியே நின்றது.

விடிந்தபோது கோபால் இல்லை.

பின்பக்கம் முருங்கை மரத்தில் கட்டியதும் கௌரி திரும்பி, வீட்டை ஒட்டியிருந்த ஃபேக்டரியின் காம்பவுண்டு சுவரைப் பார்த்து நின்றுகொண்டது. புல் போட்டாள், தொடவில்லை. வாலைக்கூட அசைக்கவில்லை. எப்போதும் மூக்கைச் சுற்றி மொய்க்கிற ஈக்கள் இன்றைக்கு வரவில்லை என்பதை வேல்விழி கவனித்தாள். சாவு வீட்டில் ஈக்களுக்கு வேறு வேலை இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எட்டு மணி சங்கு ஊதியது. அந்தச் சத்தத்துக்குத் தினமும் காதை விறைக்கிற குதிரை அதையும் செய்யவில்லை.

முன்பக்கம் மீனம்மாள் பெட்டியருகில் உட்கார்ந்திருந்தாள், அழாமல். அவள் அழவில்லை என்பதைப் பற்றி இரண்டு பெண்கள் அவள் காதில் விழும்படியே பேசினார்கள். அவள் பெட்டியையும் பார்க்கவில்லை. வீட்டைத் தாண்டிப் பின்பக்கம் போகும் சந்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து மணிக்கு எழுந்து அந்தச் சந்து வழியாக வந்தாள். அவள் வளையல் சத்தம் கேட்டதுமே கௌரி உடம்பைச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. தோல் முழுக்க நடுங்கியது.

மீனம்மாள் குனிந்து முன்னங்காலைப் பார்த்தாள்.

"கட்டு எங்கடி?"

"டாக்டர் வேணாம்னாங்களேம்மா. நேத்து நீயும்தான இருந்த."

"இருந்தேன்" என்றாள் மீனம்மாள். பிறகு முன்பக்கம் போய்விட்டாள். குதிரையின் நடுக்கம் நிற்க வெகு நேரம் ஆனது.

குளிப்பாட்டும்போது சித்தப்பா மகன் தமிழ்வாணன் வேல்விழியை ஓரமாகக் கூப்பிட்டான். அவன்தான் கொள்ளி வைக்க வேண்டியவன். வேட்டி நனைந்திருந்தது.

"யக்கா, பெரிப்பாவுக்கு கால்ல எப்ப அடிபட்டுச்சு?"

"படலியே."

"இடது கால்ல. முட்டிக்குக் கீழ, ஒரு சாணுக்கு நேரா பிரிஞ்சினு கீது. ரத்தமும் இல்ல, ஒண்ணும் இல்ல. வாயத் தொறந்த மாரி கீது."

"வீக்கம்டா. தண்ணி கோத்துக்கினு இருந்துச்சுல்ல, தோல் வெடிச்சிருக்கும்."

"அப்டித்தான் இருக்கும்" என்று அவனும் ஒத்துக்கொண்டு போனான். நேற்றுச் சாயங்காலம் அந்தக் காலுக்கு எண்ணெய் தடவியவளே வேல்விழிதான். வீங்கிப் பளபளவென்று இருந்தது, ஆனால் தோல் முழுசாக இருந்தது.

டாக்டர் ஷாரோன் மத்தியானம் மாலையோடு வந்தார். பெட்டிக்கு முன் நின்று கும்பிட்டுவிட்டு, தொழில் புத்தி விடாமல் பின்பக்கமும் வந்து காலைப் பார்த்தார்.

"அருமையா இருக்கு. ஆனா ஒண்ணு மட்டும் எனக்குப் புரியவே இல்ல. கூடை மாட்டினப்புறமும் பொருக்கு எப்படி பேந்துச்சு? கடிச்சா கண்டபடி கிழியும். இது ஓரத்துலேர்ந்து பதமா உரிச்ச மாதிரில்ல இருந்துச்சு. நீங்க லீவு போட்டு வந்ததும் நின்னுடுச்சு."

டாக்டர் வேல்விழியின் தோளைத் தட்டிவிட்டு, "பாத்துக்கங்க. இன்னொரு தடவ பிரிய மட்டும் விட்டுடாதீங்க" என்று சொல்லிப் போனார். சந்தின் அந்தப்பக்கம் அம்மாவின் வளையல் சத்தம் கேட்டது. கௌரி மறுபடியும் சுவரோடு ஒட்டியது. மூன்று மாதமாக அது மேளத்துக்குப் பயப்படுகிறது, லாரி ஹாரனுக்குப் பயப்படுகிறது என்றெல்லாம் வேல்விழி நினைத்திருந்தாள். இவ்வளவு நாள் தன் கண் எங்கே போயிருந்தது என்று அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

மூன்று மணிக்கு எடுத்தார்கள். புறப்படும்போதுதான் சூடம் வாங்காதது தெரிந்தது. வேல்விழியின் புருஷன் இசக்கிபாண்டி பைக் சாவியை எடுத்தான். தூத்துக்குடிப் பக்கத்துக்காரன், டயர் கம்பெனியில் வேலை. இரவு ஷிப்டு முடிந்து அப்படியே வந்தவன், கண் சிவந்திருந்தது.

"கூட்ரோடு கடை வரைக்கும் போயிட்டு நேரே சுடுகாட்டுக்கு வந்துருதேன். நீ ஏதாவது சாப்புட்டியா?"

"இல்ல."

"வந்து வாங்கித் தாரேன்" என்றான். அந்த நேரத்தில் சொல்வதற்கு அவனுக்கு வேறென்ன தெரியும்.

ஆண்கள் போனதும் பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். தண்ணீர் சந்து வழியாக வழிந்து பின்பக்கம் வந்தது. மீனம்மாள் தலைக்குக் குளித்துவிட்டு ஈரப் புடவையோடு வந்து துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள். வேல்விழி குதிரைக்கும் அவளுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாள்.

"நீதானம்மா உரிச்ச."

"நான்தான்."

மறுத்திருந்தால்கூட வேல்விழி தாங்கியிருப்பாள்.

"காயம் தொறந்து கீற வரைக்கும் கண்டம் அதுகிட்டயே நிக்கும்" என்றாள் மீனம்மாள், யாருக்கோ வழி சொல்வதைப்போல. "மூடிக்கினா அது எங்க போவும்? வந்த எடத்துக்குத்தான வரணும். நீ ஷிப்டுக்குப் போனதும் வெந்நீ ஊத்தி ஊற வச்சி உரிப்பேன். மஞ்சளும் வச்சி வுடுவேன், செப்டிக் ஆவக் கூடாதுன்னு. வலிக்கும். எனக்குத் தெரியாதா? அது மூஞ்சியப் பாக்காமத்தான் செய்வேன். மூணு மாசம் அவரு இருந்தாரா இல்லியா?"

"அறிவு கீதா உனுக்கு? அது செத்துடும்னு டாக்டர் சொன்னது உனுக்குத் தெரியும்தான?"

"தெரியும்."

"தெரிஞ்சே செஞ்சியா?"

"நீயா இருந்தா இன்னா பண்ணுவ?" மீனம்மாள் தலையைத் துவட்டினாள். "நேத்து வந்து உரிச்சிருக்கணும். நீ கட்டிலப் போட்டுக்கினு குந்தினு இருந்த. வுடு. நீ நல்லதுக்குத்தான் செஞ்ச. உம்மேல எனக்கு ஒண்ணும் இல்ல."

அந்தக் கடைசி வார்த்தைதான் வேல்விழியை உடைத்தது. காலையிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது. அப்பாவைத் தான் கொன்றுவிட்டோம் என்று ஒரு நொடி நிஜமாகவே நம்பினாள். அப்படி நம்பியதற்காக அம்மாவை வெறுத்தாள். "இனிமே இதுகிட்ட வராத" என்று மட்டும் சொன்னாள். மீனம்மாள் எழுந்து உள்ளே போனாள்.

ஐந்து மணிக்கு மேல் பக்கத்து வீட்டுக் கவியா வந்தாள். கம்பெனி யூனிபார்மைக்கூட மாற்றாமல், அடையாள அட்டை கழுத்தில் தொங்க, நேராகத் துக்கம் கேட்க வந்துவிட்டாள்.

"லேட்டாயிடுச்சிக்கா. மேம்பாலத்தாண்ட ஒரே ஜாம். பைக்க ஒரு கண்டெய்னர் அடிச்சிடுச்சி. ஆள யாருன்னு தெரில, துணி போட்டு மூடினு இருந்தாங்க."

"இன்னா வண்டி?"

"கருப்பு பைக்கு. நான் சரியா பாக்கல."

கூட்ரோட்டுக்கு அந்த மேம்பாலத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். இசக்கிபாண்டியின் வண்டி கருப்பு. அந்த ரோட்டில் ஓடுகிற பாதி வண்டி கருப்பு. வேல்விழி போன் போட்டாள். ரிங் போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். எட்டாவது தடவைக்குப் பிறகு தமிழ்வாணனுக்குப் போட்டாள். பின்னால் மேளச் சத்தம் கேட்டது.

"மாமாவா? இன்னும் வர்லியேக்கா. அரை மணி பாத்துட்டு வேற ஒர்த்தர் போயி வாங்கினு வந்தாரு. கேக்குதா? வர்லன்னேன், வர்ல."

கவியா முன்பக்கம் போய்விட்டாள். வேல்விழி சுவர் ஓரமாக நின்றாள். வெயில் சாய்ந்தும் சுவர் சுட்டது. ஓடிப்போய் மேம்பாலத்தில் பார்க்கலாம், இரண்டு கிலோமீட்டர்தான். துணியை விலக்கிப் பார்க்க வேண்டியிருக்கும் என்று நினைத்ததும் மறுபடி போன் போட்டாள். ரிங் போனது.

கௌரி சுவரிலிருந்து திரும்பியிருந்தது. காலையிலிருந்து முதல் தடவையாக அது அவளைப் பார்த்தது. கண் இமைக்கவில்லை.

பின்வாசலில் மீனம்மாள் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. அவள் வெளியே வரவில்லை, படியைக்கூடத் தாண்டவில்லை.

"புதுத்தோலு" என்றாள். "நகமே போதும்."

சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வேல்விழி வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். சும்மா உட்காரத்தான் உட்கார்ந்தாள். இருபத்திரண்டு நாளும் கட்டு மாற்ற அவள் அப்படித்தான் உட்காருவாள். கௌரி ஒரு அடி முன்னால் வந்தது. இடது முன்னங்காலை மடக்கித் தூக்கி, அவள் மடியில் வைத்தது.

ஆண்கள் திரும்பியபோது ஆறரை ஆகியிருந்தது. வாசலில் தண்ணீர் ஊற்றிக் கால் கழுவிக்கொண்டு ஒவ்வொருவராக வந்தார்கள். ஏழாவதாக இசக்கிபாண்டி வந்தான். சட்டை முழுக்க வேர்வை. வேல்விழி அவன் கையைப் பிடித்துப் பார்த்தாள், முழங்கையைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு சிராய்ப்பு இல்லை.

"ஜாம்ல மாட்டிக்கிட்டேன். நகரவே விடல பாத்துக்கோ. வண்டிய ஒரு கடையில போட்டுட்டு ஏரிக்கரை வழியா நடந்தே சுடுகாட்டுக்குப் போயிட்டேன். போனு வண்டிப் பெட்டிக்குள்ள கெடக்கு. நீ கூப்புட்டியோ?"

"எப்ப போய்ச் சேந்தீங்க?"

"அஞ்சேகால், அஞ்சரை இருக்கும். தமிழ்வாணன்கிட்ட நீ பேசி வச்சதும் நான் அங்க நிக்கேன். உன்கிட்ட சொல்லலாம்னு அவன் போனை வாங்குனா சார்ஜ் இல்ல."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அவன் முகம் கழுவப் பின்பக்கம் போனான். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது, நின்றது. அங்கிருந்தே கேட்டான்.

"ஏ வேலு, குதிரைக்கு எதுக்குக் கட்டுப் போட்டுருக்க? டாக்டர் வேண்டாம்னுல்லா சொன்னாவ?"

"ஈ மொய்க்குது" என்றாள் வேல்விழி.

"சரிதான்" என்றான் அவன். குழாய் மறுபடி திறந்தது.

மீனம்மாள் பக்கத்து வீட்டிலிருந்து வந்த டீயை இரண்டு டம்ளரில் ஊற்றி எடுத்துவந்தாள். ஒன்றை மகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கழுவிவிட்ட ஈரம் காயாத தரையிலேயே அவளை ஒட்டி உட்கார்ந்தாள். அவ்வளவு பக்கத்தில் அவர்கள் உட்கார்ந்து வெகு நாளாகியிருந்தது.

"மாப்ளைக்கு நாளைக்கு ஷிப்டு கீதா?"

"நாளைக்கு லீவு. நாளன்னிக்கு கீது."

"பைக்குலதான போவாரு."

"ம்."

மீனம்மாள் தன் டம்ளரை ஆற்றிக் குடிக்கத் தொடங்கினாள். வேல்விழி உள்ளே போய் இன்னொரு தடவை கை கழுவிவிட்டு வந்து, ஆறிப்போன டீயை எடுத்துக்கொண்டாள்.